குளிர்ந்த எஞ்சின்

போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தேன்:
நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்.

ஸ்டைன்பாக்கில், கோதுமைக் கிட்டங்கிக்குப் பின்னால்
முப்பத்தாறு அடி நீளத்துக்கு நின்றது.
இரண்டாயிரத்து மூன்றில் பிறந்த டீசல் வீடு.
பின்மூடியில் உள்ளங்கையை வைத்தேன்.
இளஞ்சூடு.
காய்ச்சலை மறைத்துப் பள்ளிக்கூடம் வெளிக்கிடுகிற
பிள்ளையின் நெற்றி.

"சும்மா கொஞ்சம் ஓடவிட்டேன்" என்றார் வெண்டல் ஃப்ரீசன்.
நான் வாய் திறக்கவில்லை.
பத்தொன்பது வருசம் வின்னிபெக்கில் பஸ் ஓட்டினவள்.
விடிய நாலரைக்கு, மைனஸ் முப்பத்தைந்தில்,
எந்த டீசல் இருமும், எது பாசாங்கு பண்ணும் என்று
இந்தக் காதுக்குத் தெரியும்.

பரஞ்சோதி அதற்குள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு
உள்ளே ஏறிவிட்டார்.
திரைச்சீலை கத்தரிப்பூ நிறமாம்.
கட்டில் எங்களுடையதைவிடப் பெரிசாம்.
அடுப்புக்கு மூன்று கண், இடியப்பம் அவிக்கலாமாம்.
ஜன்னலால் தலையை நீட்டி நீட்டி
விலையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

நான் பனிச்சேற்றில் முழங்கால் ஊன்றி
டயரின் விலாவைத் துடைத்தேன்.
மூன்று, ஒன்று, ஒன்று, ஐந்து.
இரண்டாயிரத்துப் பதினைந்தின் முப்பத்தோராவது கிழமை.
பூ ஒன்றும் தேயவில்லை;
நின்ற இடத்திலேயே கிழடாகியிருக்கிறது.
ஆறு டயர். ஐயாயிரம் கழி.

குளியலறை வாசலில் குதிக்காலால் அமத்தினேன்.
ஊறின பாண்போலத் தரை உள்ளே போனது.
கூரையில் வெடிப்பு ஒன்றுக்கு
யாரோ டேப் ஒட்டிச் சமாதானம் சொல்லியிருந்தார்கள்.
மூவாயிரமோ எட்டாயிரமோ,
கிழித்துப் பார்த்தால்தான் தெரியும்.
ஜெனரேட்டர் மீட்டரில் இருநூற்றுப் பன்னிரண்டு மணி.
"பாவிக்கவே இல்லை" என்றார் பெருமையாக.
அதுதான் வருத்தமே.

சாரதி இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி.
பென்சில் எழுத்து, குண்டு குண்டாக.
'ஸ்விஃப்ட் கரன்ட், 212 லீட்டர், எதிர்க்காற்று.'
'மெடிசின் ஹாட், எண்ணெய் மாற்றினோம். மழை. வெண்டல் பாடினார்.'
பதினாறு தரம் எண்ணெய் மாற்றம், ஒன்றும் தவறவில்லை.
செப்டம்பர் ஒன்பதுக்குப் பிறகு வெறும் தாள்.
நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.
அந்தக் கொப்பிக்கு
மனதுக்குள் இரண்டாயிரம் கூட்டினேன்.
அது இரக்கமில்லை. கணக்கு.

கேட்டது ஐம்பத்தெட்டாயிரம்.
நான் சொன்னது முப்பத்தொன்பது.
அவர் கிட்டங்கியின் கூரையைப் பார்த்தார்.

"ஆனை வாங்கப் போற இடத்தில
அங்குசத்துக்குப் பேரம் பேசாதையும்" என்றார் பரஞ்சோதி, தமிழில்.
இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன், அது ஆனைக்கு.
இது வழியில் படுத்தால்
இழுத்துக்கொண்டு போக நாங்கள்தான் பொன் கொடுக்க வேண்டும்.

"இன்று இரவு இதைத் தொடாதீர்கள்.
நாளை ஆறு மணிக்கு வருகிறோம்" என்றேன்.
வெண்டல் அப்போதுதான் முதல்தரம்
என் முகத்தை முழுதாகப் பார்த்தார்.

காலை. மைனஸ் ஏழு.
மூடி, கை ஒட்டுகிற குளிர்.
அவரே சாவியைத் திருப்பினார்.
ஒரு முனகல். இன்னொன்று.
பிறகு பிடித்தது.
வெள்ளைப் புகை வயலை மறைத்தது.
எண்ணினேன்.
பதினெட்டு, பத்தொன்பது, இருபது...
இருபத்துமூன்றில் புகை விட்டது.
வயல் திரும்பி வந்தது.
பஸ் டிப்போவில் நல்ல வண்டி கிடைத்த நாட்களின் சத்தம்,
அடி வயிற்றில், சீராக.

முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன்.
அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை,
என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்பத்தெட்டு" என்றார்.
"நாற்பத்தொன்று" என்றேன்.
"நாற்பத்தைந்து, கொப்பியோடு."
நான் புருவத்தைச் சுளிக்க இருந்த நேரம்
ஜன்னலால் ஒரு தலை, இம்முறை ஆங்கிலத்தில்:
"வெண்டல், ரைஸ் குக்கருக்கு
எந்தப் பிளக் பாவிக்கிறது?"

வெண்டல் சிரித்துவிட்டார்.
நான் கண்ணை மூடி, கணக்கில் எழுதினேன்:
பிளக், இரண்டாயிரம்.